வைகைக் கரையும் ‘பேங்க்’, பணம் போடும் இடமும் ‘பேங்க்’: ஆங்கிலத்தில் ஏன் இப்படி?

இரண்டும் தூரத்து உறவு. ஜெர்மானிய மொழிகளில் மேடு, திட்டு, உட்காரும் பலகை எல்லாவற்றுக்கும் ஒரே வேர்தான். ‘பெஞ்ச்’சும் அதன் பிள்ளை. மேடு என்ற பொருள் ஸ்காண்டிநேவியர் வழியாக இங்கிலாந்துக்குப் போய் ஆற்றங்கரை ஆனது. பலகை என்ற பொருள் இத்தாலிக்குப் போய் ‘பாங்கா’ ஆனது: காசு மாற்றுபவர் முன்னால் போட்டிருந்த மேசை. 15ஆம் நூற்றாண்டில் அது பணக்கடையாக ஆங்கிலத்துக்குத் திரும்பியது. திவாலைக் குறிக்கும் ‘பேங்க்ரப்ட்’டும் இத்தாலியில் ‘உடைந்த மேசை’தான்.

குழப்பம் தீர முன்னால் வரும் சொல்லைப் பாருங்கள். ‘ஆன் த பேங்க்’ என்றால் கரை. ‘அட் த பேங்க்’ என்றால் பணம். ‘நியர்’ வந்தால்தான் சிக்கல். மதுரை சிம்மக்கல்லில் இரண்டுமே பக்கத்தில் இருக்கும்! அங்கே ‘வைகை’யையும் சேர்த்து எழுதிவிடுங்கள். ‘பேங்க் ஆன்’ வினையாக வந்தால் ‘நம்பியிரு’. விமானம் ‘பேங்க்’ ஆகிறது என்றால் ஒருபக்கம் சாய்ந்து திரும்புகிறது. மேட்டுச் சரிவிலிருந்து வந்த பொருள். பிளட் பேங்க், பவர் பேங்க் எல்லாம் சேமிப்புப் பொருளின் நீட்சி.

நம் ‘கரை’ மட்டும் என்னவாம்? ஆற்றுக்கும் உண்டு, வேட்டிக்கும் உண்டு.