குழு மின்னஞ்சலில் குழப்பம்: எதை முதலில் திருத்துவது?

கேள்வி: திருகோணமலையில் பறவை பார்க்கும் எங்கள் குழுவில் 45 பேர் இருக்கிறோம். எல்லாத் தகவலும் மின்னஞ்சலில்தான். ஒருவர் 'நன்றி' என்று எழுதினாலும் எல்லோருக்கும் போகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரே தடவையில் ஆறேழு படங்களை அப்படியே அனுப்புகிறார். போன மாதம் ஆலா என்ற கடற்பறவை ஒன்றின் பெயரைப் பற்றித் தொடங்கிய வாக்குவாதத்தில் இருவர் விலகிவிட்டார்கள். விதிகள் எழுதுவதா, ஆட்களை நீக்குவதா?
– உவர்மலை வாசகர்

பதில்: இரண்டையும் சற்றுத் தள்ளி வையுங்கள். நீங்கள் சொல்லும் தொல்லைகளில் பாதி, அனுப்பும் முறையை மாற்றினாலே போய்விடும்.

45 முகவரிகளையும் 'டு' அல்லது 'சிசி' பெட்டியில் போட்டு அனுப்புவதால்தான் 'ரிப்ளை ஓல்' அழுத்துகிறவரின் நன்றி 44 பேரிடம் போய்ச் சேர்கிறது. எல்லோருடைய முகவரியும் எல்லோர் கையிலும் கிடக்கிறது. ஒருவரின் கணக்கு களவுபோனால் 45 பேருக்கும் குப்பை அஞ்சல் வரும். அறிவித்தல் மட்டும் என்றால் முகவரிகளை, மற்றவர்களுக்கு அவற்றைக் காட்டாத 'பிசிசி' பெட்டியில் போட்டு, 'டு'வில் உங்கள் முகவரியை வையுங்கள். யார் எதை அழுத்தினாலும் பதில் உங்களுக்கு மட்டுமே வரும்.

ஆனால் உங்களுக்கு உரையாடலும் வேண்டும். அதற்குக் கூகுள் குறூப்ஸில் ஒரு குழு முகவரி எடுங்கள்; அதற்கு எழுதினால் எல்லோருக்கும் போகும், காசு இல்லை. அதன் அமைப்பில், பதில்கள் எங்கே போகவேண்டும் என்ற இடத்தில் 'எழுதியவருக்கு மட்டும்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். எல்லோரும் அறியவேண்டிய பதிலை எழுதுபவர் குழு முகவரியைத் தானே சேர்க்கவேண்டும். அந்தச் சிறு சிரமமே அவசரப் பதில்களைக் குறைக்கும். இதில் ஒரு குறை உண்டு: நல்ல பதில்களும் தனி அஞ்சலில் மறைந்துபோகும். ஆகவே கேள்வி கேட்டவரே கிடைத்த பதில்களை ஐந்தாறு வரியில் தொகுத்துக் குழுவுக்கு அனுப்புவது வழக்கமாகட்டும். தினமும் பல அஞ்சல் வருவதை விரும்பாதவர் 'டைஜெஸ்ட்' முறைக்கு மாறலாம். பல அஞ்சல்கள் ஒன்றாகக் கட்டப்பட்டு வரும்.

படங்கள்: ஜிமெயிலில் ஓர் அஞ்சலுடன் இணைக்கும் கோப்புகளின் எல்லை 25 மெகாபைற். நான்கு மெகாபைற் படம் ஆறு என்றால் 24, எல்லைக்குள்தான். ஆனால் அஞ்சலில் போகும் கோப்பு எழுத்துகளாகக் குறியேற்றப்படுவதால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பெருத்து, பெறுபவரின் பெட்டியில் 32 மெகாபைற் இடம் பிடிக்கிறது. வாரம் ஓர் அஞ்சல் இப்படி வந்தால் ஆண்டுக்கு ஒன்றரை கிகாபைற்றுக்கு மேல். இலவசக் கணக்கின் 15 கிகாபைற் இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. அது நிரம்பினால் புதிய அஞ்சல்கள் திரும்பிப் போகத் தொடங்கும். ஒரு அஞ்சலுக்கு மூன்று படம், நீண்ட பக்கம் 1600 பிக்சல், ஜேபெக் தரம் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு படம் அரை மெகாபைற் அளவில் அடங்கும்; அலகின் நிறத்தைப் பார்க்க அது போதும். கூடுதல் படங்களை டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியைக் கொடுக்கலாம். 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றாவிட்டால் அனுமதி கேட்டு 44 அஞ்சல் வரும்.

பறவைக் குழுவுக்கு இன்னொன்று முக்கியம். கைத்தொலைபேசியில் இடக்குறிப்பு இயங்கினால், படத்தின் கோப்புக்குள்ளேயே எடுத்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் பதிந்திருக்கும். கூட்டின் படத்தை மூலக்கோப்பாக அனுப்பினால் கூட்டுக்கு வழிகாட்டியதாகிவிடும். இடக்குறிப்பை அழித்துவிட்டு, 'நிலாவெளிப் பக்கம்' என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்து: உங்கள் குழுவில் பாமினியில் தட்டச்சுப் பழகியவர் கட்டாயம் இருப்பார். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் பழகிய பாமினி விசைகளை அழுத்தியே, தமிழ் எழுத்துக்குத் தனி இடம் உள்ள யூனிகோட்டில் எழுதலாம். புதிய விசைப்பலகை பழகச் சொல்லி மூத்தவர்களை வருத்தவேண்டாம்.

தலைப்பில் பறவை, இடம், திகதி மூன்றும் வரட்டும்: 'ஆலா – குச்சவெளி – பெப்ரவரி 12'. 'முக்கியம்', 'பார்க்கவும்' போன்ற தலைப்புகள் எவருக்கும் உதவாது. அஞ்சலுக்குள் அறிவியற்பெயரையும் சேர்த்தால் சிங்கள, ஆங்கிலப் பெயர்களால் அறிந்தவர்களுக்கும் விளங்கும். புதிய விடயத்துக்குப் புதிய அஞ்சல். பழையதற்குப் பதில் அழுத்தி வேறு கதை தொடங்கினால் இரண்டும் ஒரே கோவையில் சிக்கிக்கொள்ளும். பதிலில் பழைய அஞ்சல் முழுவதையும் தொங்கவிடாமல், எந்த வரிக்குப் பதிலோ அதை மட்டும் மேலே விட்டுக் கீழே எழுதுங்கள். 1995இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய ஒழுங்குக் குறிப்பிலேயே பதில் எழுதும் இந்த முறை இருக்கிறது. கோபத்தில் எழுதிய பதிலை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பச் சொல்வதும் அதே குறிப்புத்தான்.

இனி அந்த ஆலாவின் பெயர் பற்றிய வாக்குவாதம். எடுத்துக்காட்டாக, சிற்றாலாவும் சோண்டர்ஸ் ஆலாவும் இனப்பெருக்கக் காலத்துக்கு வெளியே படத்தில்கூடப் பிரித்தறியக் கடினமானவை. அனுபவசாலிகளே 'இரண்டில் ஒன்று' என்று எழுதிவைப்பார்கள். ஆகவே உங்கள் விதி ஆளைப் பற்றியதாக இல்லாமல் ஆதாரத்தைப் பற்றியதாக இருக்கட்டும்: பெயரை மறுப்பவர் அலகு, கால், இறகு நுனி, நெற்றி வெள்ளை ஆகியவற்றில் எதைக் கண்டு மறுக்கிறார் என்று எழுதவேண்டும். ஒரே இருவர் மூன்று முறை மாறிமாறி எழுதிவிட்டால், குழுவை மேற்பார்க்கும் மட்டுறுத்துநர் 'முடிவு காணப்படவில்லை' என்று பதிந்து அந்தத் தலைப்பை மூடலாம்.

மட்டுறுத்துநர் இருவர் வேண்டும். ஒருவரே என்றால் அவர் சொல்வதெல்லாம் சொந்தப் பகையாகத் தெரியும், திருகோணமலை போன்ற சிறிய ஊரில் இன்னும் அதிகமாக. புதிதாகச் சேர்பவரின் முதல் இரண்டு மூன்று அஞ்சல்களை மட்டும் பார்த்து, பிறகு குழுவுக்குள் விடுங்கள். எல்லாருடையதையும் பார்த்து விடுவது வேண்டாம். நீங்கள் கொழும்புக்குப் போன நாளில் குழுவே நின்றுவிடும். அரசியல் பகிர்வு, வியாபார விளம்பரம் வந்தால் முதலில் தனி அஞ்சல், அடுத்து ஒரு மாதத்துக்கு அவருடைய அஞ்சல்களை மட்டும் நிறுத்திப் பார்த்து விடுதல், நீக்குவது அதற்கும் பிறகே. கண்டிப்பு எதுவும் குழுவுக்குள் போகக்கூடாது.

ஆசிரியருக்கும் தனியாகவே எழுதுங்கள், அல்லது தொலைபேசியில் பேசுங்கள். 'சேர், உங்கட படங்கள் நல்லாயிருக்கு, சிலருக்குத்தான் பெட்டி நிரம்புது. சிறிதாக்கும் விதத்தை நான் வந்து காட்டட்டுமா?' என்றால் போதும். விலகிய இருவரையும் புதிய குழு முகவரியில் நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். ஆதாரம் பற்றிய அந்த விதியை இணைத்து, தனித்தனி அழைப்பு அனுப்புங்கள்.