அமெரிக்க மெடிக்கல் பில்லிங்கில் சிஓ-22 என்று மறுத்த கிளெய்மை என்ன செய்வது?

கொழும்பில் ஏதோ ஒரு பில்லிங் கம்பனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், டீம் லீட் "திரும்ப அனுப்புங்கோ" என்கிறார், அப்படித்தானே? அனுப்பாதீர்கள். சிஓ-22 என்பது காப்புறுதி ஒரு கிளெய்மை மறுக்கும்போது போடும் குறியீடு. வேறொரு காப்புறுதி முதலில் கட்ட வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். அதே காப்புறுதிக்கு அதே கிளெய்மை எத்தனை தரம் அனுப்பினாலும் அதே பதில்தான்.

நான் வருஷக்கணக்காக இந்த வேலையில் இருக்கிறேன். "கோல் சென்டர்தானே" என்கிறவர்களுக்காகவே ஒரு கேஸ் சொல்கிறேன். (பெயர், ஊர் எதுவும் இல்லை. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வரவேண்டாம்.)

65 தாண்டிய மனிதர். மெடிகேரும் (65 தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்புறுதி) உண்டு, வேலை செய்த இடத்துக் காப்புறுதியும் உண்டு. மெடிகேர், "கம்பனிக் காப்புறுதியிடம் போ" என்று மறுத்தது. அங்கே போனால், "மெடிகேர் கட்டியதைக் காட்டு, மிச்சத்தைப் பார்ப்போம்" என்றார்கள். இரண்டு பக்கமும் பொய் இல்லை. 65க்குப் பிறகும் ஒருவர் வேலையில் இருந்து, அந்த நிறுவனத்தில் 20 பேரோ கூடவோ வேலை செய்தால், கம்பனிக் காப்புறுதி முதலாவது. ஓய்வு பெற்றதும் மெடிகேர் முதலாவது. மனிதர் ஓய்வு பெற்றது கம்பனிக்குத் தெரியும், மெடிகேரின் பதிவில் ஏறவில்லை.

எங்களுக்கு நடுச்சாமம், அவர்களுக்குப் பகல். அவருடைய வீட்டுக்குப் போன் பண்ணினேன், மனைவிதான் எடுத்தார். ஓய்வு பெற்ற திகதியைக் கேட்டதும் எழும்பிப் போய், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பிரியாவிடை விருந்து அட்டையைப் பார்த்து வாசித்தார். எந்தக் காப்புறுதி முதலாவது என்ற பதிவைப் பார்க்கும் மெடிகேரின் பிசிஆர்சி மையத்துக்கு ஐயாவையே போன் பண்ணிச் சொல்லச் சொன்னேன். காப்புறுதி எடுத்தவரே தன் வாயால் சொன்னால் இழுபறி குறைவு. பதிவு மாறியது, மெடிகேர் கட்டியது, அந்த ஈஓபியை (எவ்வளவு கட்டியது என்று காட்டும் சீட்டு) இணைத்து மிச்சத்தைக் கம்பனிக் காப்புறுதியிடம் வாங்கினோம்.

ஆகவே, சிகிச்சை நடந்த திகதியில் யார் முதலாவது என்று கேளுங்கள். இன்றைக்கு யார் என்று கேட்டால் பிழையான பதில் கிடைக்கலாம். பிள்ளைகளின் கிளெய்ம் என்றால், தாய் தகப்பன் இருவரில் யாருடைய பிறந்தநாள் வருஷத்தில் முந்தி வருகிறதோ அவருடைய காப்புறுதி முதலாவது. மாதமும் நாளும்தான் கணக்கு, வயது இல்லை. விவாகரத்தானவர்கள் என்றால் கோர்ட் கட்டளை முந்தும். கொமென்டில் யாரும் வந்து திருத்த முதல் நானே சொல்லிவிட்டேன். இழுத்தடிக்கவும் வேண்டாம். கிளெய்ம் அனுப்ப மெடிகேருக்குச் சிகிச்சைத் திகதியிலிருந்து ஒரு வருஷம், தனியார் காப்புறுதிகள் சிலதுக்கு 90 நாள்தான்.

இவ்வளவு தலையிடியும் இரவில்தான். ஆனால் வெள்ளவத்தையில் அறை கேட்டுப் போனால், "நைட் டியூட்டிக்குப் போற பொம்பிளப் பிள்ளைக்குத் தர ஏலாது" என்கிறார்கள். அதே வீட்டு அன்ரியின் மகள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ், அவவுக்கும் நைட் டியூட்டிதான். கேட்டால், "அது வேற பிள்ள" என்கிறா. என்ன வேறு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.