ஆடு தாண்டினால் ஏன் தூக்கம் வருகிறது?

அன்புள்ள ஐயா,

ஷான் என்கிற ஆட்டின் கதையான ‘ஷான் த ஷீப்’ பொம்மைப் படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டோம். நான், 6 வயது மகன், என் அம்மா. மகனுக்கு டிவியில் வரும் அந்த ஆட்டின் 7 நிமிஷக் கார்ட்டூன் என்றால் உயிர். அதைப் போட்டால்தான் வாயில் சோறு இறங்கும். ஆனால் படத்தில் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டான். ஞாபகம் போன பண்ணைக்காரர், தேடிவந்த ஷானை அடையாளம் தெரியாமல் சலூனிலிருந்து அனுப்பிவிடும் இடம். “அவருக்கு ஏன் ஷானைத் தெரியல?” என்று தூங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். சிரிக்கவைக்கிற கார்ட்டூனை 85 நிமிஷத்துக்கு இழுத்து, குழந்தையை அழவைக்க வேண்டுமா? டிவியில் சம்பாதித்ததைத் தியேட்டரில் இன்னொரு தரம் சம்பாதிக்கிறார்கள், அவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது.

இன்னொன்று. பேச்சே இல்லாத படம், யாருக்கும் புரியும் என்று எழுதியிருந்தீர்கள். ஆடுகள் ஒவ்வொன்றாக வேலியைத் தாண்டுகின்றன, பண்ணைக்காரர் தூங்கிப்போகிறார். “ஆடு தாண்டினா அவனுக்கு ஏன்டி தூக்கம் வருது?” என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

எம்., கோவில்பட்டி

அன்புள்ள எம்.,

உங்கள் அம்மாவிடம் தோற்றேன். படுத்தும் தூக்கம் வராதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஆடுகள் வரிசையாக வேலி தாண்டுவதாக நினைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவது வெள்ளைக்காரர் வீட்டு வைத்தியம். நம் ஊரில் ஆட்டை எண்ணுவது சாயங்காலம் பட்டியில் அடைக்கும்போது. ஒன்று குறைந்தால் வந்த தூக்கமும் போய்விடும். யாருக்கும் புரியும் என்று நான் எழுதியது அவசரத்தில் எழுதியது. வாயே திறக்காத படத்துக்குள்ளும் ஒரு ஊரின் பேச்சு ஒளிந்திருக்கத்தான் செய்கிறது. அந்த ஆட்டின் பெயரே அப்படித்தான். இங்கிலாந்து இயக்குநர் நிக் பார்க் 1995-இல் எடுத்த ஒரு குறும்படத்தில் முதலில் வந்த ஆடு அது. கம்பளி கத்தரிக்கப்பட்டது என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் ‘ஷான்’ என்றே காதில் விழும். நமக்கு அது வெறும் பெயர்.

பேச்சை விட்டதற்குப் பின்னால் பெரிய கொள்கை எதுவும் இருந்ததாக நினைக்காதீர்கள். இந்தப் படத்தை எடுத்த, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருக்கும் ஆர்ட்மேன் ஸ்டூடியோ பொம்மைகளைக் கையால் இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடிக்கிற இடம். திரையில் ஒரு விநாடி ஓட 24 படங்கள் வேண்டும். ஒரு அனிமேட்டர் நாள் முழுக்கக் குனிந்து நின்றால் இரண்டு விநாடி கிடைக்கும். இதில் வசனத்துக்கு ஏற்றபடி உதட்டையும் அசைக்கவேண்டும் என்றால் டிவிக்குக் கட்டுப்படியாகாது. 2007-இல் தொடர் ஆரம்பித்தபோது பேச்சை எடுத்துவிட்டார்கள். சிக்கனம்தான். ஆனால் படம் எடுக்கக் கூடுதல் பணம் கிடைத்த பிறகும் அந்தச் சிக்கனத்தை விடவில்லை பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. பண்ணைக்காரர் முனகுகிறார், டாக்டர் முனகுகிறார், ஊரே முனகுகிறது.

இழுவை என்கிறீர்கள். பார்ப்பதற்கு முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன். கார்ட்டூனைப் படமாக்குகிறவர்கள் வழக்கமாகச் செய்வது, நாயகனை வெளியூருக்கு அனுப்பி ஒரு பெரிய வில்லனைக் கொண்டுவருவது. இதிலும் அது உண்டு. தெருவில் திரியும் பிராணிகளைப் பிடிக்கிற அந்த ஆள் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தார். கடைசியில் கொட்டகையைக் கல்குவாரியின் விளிம்புக்குத் தள்ளிக்கொண்டுபோகும் இடத்தில் பத்து நிமிஷத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம்.

ஆனால் தொடரை நினைத்துப்பாருங்கள். ஆடுகள் பண்ணையைத் தலைகீழாக்கும். பண்ணைக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் பழையபடி இருக்கும். அவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த கதையில் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது, சிலேட்டை எச்சில் தொட்டு அழித்ததுபோல. டிவி கார்ட்டூன் அத்தனையும் இந்த மறதியில்தான் ஓடுகிறது. இயக்குநர்கள் மார்க் பர்ட்டனும் ரிச்சர்ட் ஸ்டார்சாக்கும் செய்தது, அந்த மறதியையே கதைக்குள் ஒரு மனிதனின் நோயாகக் கொண்டுவந்ததுதான். முதல் காட்சிகளில் சேவல், அலாரம், அன்றைய வேலைப் பட்டியல் என்று ஒவ்வொரு நாளும் ஒரே நாளாக ஓடுகிறதே, அது தொடரின் சலிப்பு. ஷான் கேட்பது ஒரே ஒரு நாள் லீவு, அதாவது 7 நிமிஷத்துக் கதை. அவரைத் தூங்கவைத்துக் கேரவனில் கிடத்துகிறார்கள், கேரவன் உருண்டு நகரத்துக்குப் போய்விடுகிறது, தலையில் அடிபட்டு அவருக்கு எல்லாம் மறந்துபோகிறது. இதுவரை ஆடுகளை அவர் சரியாகப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாலும் தெரியாது.

சலூன் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். தான் யார் என்று தெரியாத மனிதர் அவர். ஆனால் கம்பளி வெட்டுகிற கருவியைப் போன்ற ஒன்று கையில் கிடைத்ததும் கை தானாக வேலை செய்கிறது, ஒரு பிரபலத்தின் தலையை ஆட்டுக்குச் செய்வதுபோலவே மழித்துவிடுகிறார். நகரமே அந்த ஸ்டைலுக்கு அலைகிறது. என் பெரியம்மாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் யார் பெயரும் நினைவில் இல்லை. என்னை, தபால் கொண்டுவந்தவன் என்று நினைத்து உட்காரச் சொல்வார். முருங்கைக்கீரையை மடியில் போட்டால் மட்டும் விரல்கள் ஒரு காம்பு விடாமல் உருவிப்போடும். சலூனில் நான் பார்த்தது அந்த விரல்களை. ஷானின் முகத்தில் என்ன இருக்கிறது? இரண்டு வெள்ளை உருண்டை, நடுவில் கறுப்புப் புள்ளி, இரண்டு காது. அதை வைத்துக்கொண்டு உங்கள் பையனை அழவைத்திருக்கிறார்கள் என்றால் வம்படியாக இழுத்த வேலை இல்லை அது. அவன் கேட்ட கேள்வியைச் சுற்றித்தான் படமே இருக்கிறது.

காசு பார்த்தார்கள், மறுக்கவில்லை. 2019-இல் இரண்டாவது படமும் எடுத்தார்கள். இரண்டுமே ஆஸ்கர் பரிந்துரைவரை போயின. அதனால் என்ன, ஆட்டுக்குத் தீனி வேண்டாமா?

பையன் அழுததும் நிறுத்திவிட்டீர்களா, முழுக்கப் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. நிறுத்தியிருந்தால் தயவுசெய்து மீதியைப் போட்டுக்காட்டுங்கள். பண்ணைக்காரருக்கு ஞாபகம் திரும்புகிறது. பண்ணைக்கு வந்த மறுநாள் காலையில் அந்த வேலைப் பட்டியலை எடுத்துக் கிழித்துப்போடுகிறார். நடந்தது எதையும் அவர் இந்த முறை மறக்கவில்லை.

அம்மாவிடம் ஆடு எண்ணுகிற விஷயத்தைச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று அவசியம் எழுதுங்கள்.