மறுப்பை முதலில் வாசித்தது யார்?

கேள்வி: எனக்கு 39 வயது. யாழ்ப்பாணத்தில் 12 வருடம் மேடை நாடகங்களில் நடித்தேன். ஆறு வருடமாக கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். இரவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. இங்கே தமிழ் மேடையில் வருடத்துக்கு ஒரு பாத்திரம் கிடைத்தாலே பெரிய விஷயம். ஆங்கில நாடகக் குழுக்களுக்கு மூன்று தடவை விண்ணப்பித்தும் கூப்பிடவில்லை. என் உச்சரிப்புத்தான் தடை. மகளுக்கு 12 வயது, கெட்டிக்காரி. விண்ணப்பம் எழுதுவது, அவர்களோடு தொலைபேசியில் கதைப்பது எல்லாம் அவள்தான். போன மாதம் வந்த மறுப்பைக்கூட இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள். இந்த வயதில் இனி எனக்கு மேடையில் இடம் இருக்கிறதா?

பதில்: தங்கச்சி, நாடு விட்டுப் போய் மேடையைத் தொலைத்தவர்களின் கடிதங்கள் எனக்குப் பல வருடமாக வருகின்றன. எல்லாவற்றிலும் உச்சரிப்பு வரும், வயது வரும். அந்த இரண்டுக்கும் ஆறுதல் சொல்லி நேரத்தைப் போக்கப் போவதில்லை. என்னை உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளும் உங்கள் பிள்ளை என்ன செய்திருப்பாள்? அம்மா தேவையில்லை என்று அவர்கள் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, இரவு வேலை முடிந்து நீங்கள் வந்து படுப்பதைப் பார்த்திருப்பாள். இப்போது சொல்லலாமா, சாப்பிட்ட பிறகு சொல்லலாமா என்று யோசித்திருப்பாள். பள்ளிக்கூடத்திலும் அது அவள் மனதில் கிடந்திருக்கும். கெட்டிக்காரி என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவளுக்கு வரும் அவமானத்தைப் பிள்ளை வாங்கி, சூடு ஆறவைத்து, அம்மாவுக்கு ஊட்டக்கூடாது. மருந்துச் சீட்டில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்பது வேறு, இது வேறு.

அப்புறம், உங்கள் உச்சரிப்பை அவர்கள் எப்போது கேட்டார்கள்? எழுதியது மகள், கதைத்தது மகள். மூன்று குழுவில் ஒருவர் காதிலும் உங்கள் குரல் விழவில்லை. அவர்கள் கையில் இருந்தது ஒரு சின்னப் பிள்ளை எழுதிய விண்ணப்பம் மட்டும்தான்.

ஹெலெனா மோட்ஜெஸ்கா என்று ஒரு போலந்து நடிகை. வார்சா மேடையில் பெரிய நட்சத்திரம். 1876இல் அமெரிக்காவுக்கு வந்து, கணவரும் நண்பர்களுமாகக் கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் பண்ணை வைத்தார்கள். விவசாயம் யாருக்கும் கைவரவில்லை, பணம் கரைந்தது. சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் ஓர் இளம் போலந்துப் பெண்ணிடம் ஆங்கிலம் படித்தார். நாடக அரங்கில் முதலில் தட்டிக் கழித்தார்கள். விடாமல் கேட்டு, தானே போய் நின்று நடித்துக் காட்டினார். 1877 ஆகஸ்ட் 20ஆம் தேதி கலிபோர்னியா தியேட்டரில் ஆங்கில நாடகத்தில் ஏறினார். அப்போது வயது 36. மோட்ஷெயெவ்ஸ்கா என்ற பெயர் அமெரிக்கர் வாயில் நுழையவில்லை என்பதால் அதைச் சுருக்கினார். போலந்து உச்சரிப்பு கடைசிவரை போகவில்லை. அதை வைத்துக்கொண்டே ஷேக்ஸ்பியரின் ரோசலிண்டாகவும் லேடி மக்பெத்தாகவும் நடித்தார், அந்தக் காலத்துப் பெயர்போன அமெரிக்க நடிகர் எட்வின் பூத்தோடு ஊர் ஊராக நடிக்கப் போனார். கிட்டத்தட்ட 30 வருடம் அமெரிக்க மேடையில் இருந்தார். அவருக்கு வாய்த்தது உங்களுக்கும் வாய்க்கும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் தட்டிக் கழித்தவர்களின் முகத்தை அவரே பார்த்தார், அவரே திரும்பவும் போனார்.

நடிகர் தெரிவில் சில நிமிடத் தனிமொழி ஒன்றைக் கேட்பார்கள். நீங்கள் மனப்பாடமாக நன்றாகவே செய்துவிடலாம். உடனே இயக்குநர், 'இதையே கோபம் இல்லாமல் செய்யுங்கள்' என்பார். அதை உங்களுக்கு விளங்கப்படுத்த மகள் அங்கே இருக்க மாட்டாள். அதனால் முதலில் ஆங்கில வகுப்பு. நிரந்தர வதிவிட உரிமையோடு இருந்தால், புதிதாகக் குடியேறியவர்களுக்கான 'லிங்க்' ஆங்கில வகுப்பில் இடம் உண்டா என்று கேளுங்கள்; அது இலவசம், செலவு மத்திய அரசுடையது. குடியுரிமை எடுத்துவிட்டீர்கள் என்றால் அதில் சேர முடியாது; பள்ளிச் சபை நடத்தும் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் கேளுங்கள். இரவு வேலைக்காரிக்கு வகுப்பு கஷ்டம்தான், தெரியும். தூக்கத்தில் ஒரு மணி நேரம் குறையும். அந்தக் கஷ்டம் இப்போது உங்கள் பிள்ளையிடம் இருக்கிறது, திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு நடக்கிற வரையில் தமிழ் மேடையில் கிடைக்கிற அந்த ஒரு பாத்திரத்தை விட்டுவிடாதீர்கள்.

இன்றைக்கே மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மகளுக்குச் சொல்ல வேண்டாம். அப்புறம் அவளைப் பக்கத்தில் இருத்தி, அவள் இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்த அந்த மறுப்பை நீங்களே உரக்க வாசியுங்கள். பிழையாக வாசித்தால் திருத்தாமல் கேட்டுக்கொண்டிரு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.