மதினி சொன்ன ஆராய்ச்சி

கேள்வி: மண்டபத்தில் வீட்டிலிருந்தே படகு ஜிபிஎஸ் கருவிகளுக்குக் கையேடு எழுதுகிறேன். கல்லூரியில் பாடம் நடத்தும் என் மதினி, "இதைப் பற்றி எவ்வளவோ ஆராய்ச்சி இருக்கு, படி" என்கிறார். இரண்டு கட்டுரை திறந்தேன், தலை சுற்றியது. மாதக் கடைசிக்குள் மூன்று கையேடு முடிக்க வேண்டியவளுக்கு இது எதற்கு?

பதில்: மதினி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி, பேராசிரியர்கள் பேராசிரியர்களுக்காக எழுதிக்கொண்டது. யாரையாவது வேலை செய்யவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

அப்படிப் பார்த்தவர் ஜான் கரோல். 1980களில் ஐபிஎம் கணினி நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில், கணினியில் கடிதம் அடிக்கப் பழகிக்கொண்டிருந்தவர்களை, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கவனித்தார்கள். அவர்கள் பக்கங்களைத் தாண்டிப் போனார்கள், எதையோ அழுத்திச் சிக்கினார்கள். மீளும் வழி கையேட்டில் இல்லை. கரோல் குழு கையேட்டைச் சுருக்கி, தவறினால் என்ன செய்வது என்பதைச் சேர்த்தது. பழகும் நேரம் சுமார் 40 சதவீதம் குறைந்தது.

நான் இதைப் படித்தது பட்ட பிறகுதான். 60 பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, பாம்பனில் ஒரு விசைப்படகில் ஏறினேன். என் கையேடு பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் மாதா படத்துக்குப் பின்னால் சொருகியிருந்தது. ஐஸ் அள்ளிய ஈரக் கையோடு டிரைவர் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினார். வலை விட்ட இடத்துக்குப் போட்டிருந்த மார்க் அழிந்துபோனது. "இத எப்படிண்ணே திருப்பிக் கொண்டாறது?" என்றார். 60 பக்கத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.

எதற்காக என்பதை முதலில் சொல்லி, செய்ய வேண்டியதைப் பிறகு சொன்னால் வாசகர் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார் என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான். "இடத்தைக் குறிக்க, மார்க் பொத்தானை அழுத்துங்கள்" என்பது தமிழுக்குத் தானாகவே வரும். ஆங்கில மூலத்தை வரிவரியாகப் பெயர்க்கும்போதுதான் நாம் அதைக் கெடுக்கிறோம்.

சரி, இந்த மாத வேலையை முதலில் முடியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு டிரைவர்கள் கரையில்தான் இருப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து, மூன்று பேர் கையில் கருவியைக் கொடுங்கள். நடுவில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம். சிக்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். மதினியையும் கூட்டிப் போங்கள். அவர் கட்டுரை எழுதினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.