அட்வான்ஸ் குடுத்த மாதம் ஈபிஎஃப் குறையுமோ?

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தியடியில ஹார்ட்வெயார் கடை வைச்சிருக்கிறன், ஆறு பேர் வேலை செய்யினம். நல்லூர்த் திருவிழா, பள்ளிக்கூடம் துவங்கிற நேரம் எண்டால் ஒவ்வொருத்தரா அட்வான்ஸ் கேப்பினம், லாச்சியில இருந்து எடுத்துக் குடுத்திட்டு காசுப் புத்தகத்தில "சம்பளம்" எண்டு எழுதிவிடுவன். மாதமுடிவில கணக்கு எழுதுற தம்பி அட்வான்ஸைக் கழிச்சுப்போட்டு மிச்சத்துக்குத்தான் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) போடுறார். சம்பளப் பட்டியலும் புத்தகமும் ஒருநாளும் ஒத்து வாறேல்ல. போன மாதம் ஒருத்தருக்கு ஓவர்டைம் 4,500 ரூபா கூடக் குடுபட்டுப்போச்சு. இன்னொரு பெடியன் வாங்கின அட்வான்ஸில 22,000 ரூபா நிலுவையோட வேலையை விட்டிட்டுப் போட்டான். இதுகளை எப்பிடி எழுதுறது?

பதில்: நாலு கேள்வி கேட்டிருக்கிறியள், ஆனா உங்கட கடையில அவசரமாத் திருத்தவேண்டியது அந்த ஈபிஎஃப் விசயம்தான், அதைப் பிறகு விரிவாச் சொல்லுறன், முதல்ல புத்தகம்.

அட்வான்ஸ் சம்பளச் செலவே இல்லை. அயல்காரருக்குக் கைமாத்தாக் குடுத்த காசை வீட்டுச் செலவெண்டு எழுதுவியளோ? அதே மாதிரித்தான். உழைக்கமுதல் வாங்கின காசு அவர் உங்களுக்குத் தரவேண்டிய கடன், கடைக்கு அது ஒரு சொத்து. அதால "ஊழியர் முற்பணம்" எண்டு ஒரு கணக்குத் துறவுங்கோ, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு பக்கம். 15,000 குடுத்தால் முற்பணக் கணக்கு வரவு (டெபிட்), காசுக் கணக்கு செலவு (கிரெடிட்), அவ்வளவுதான், சம்பளக் கணக்கை அண்டைக்குத் தொடவே கூடாது.

இப்ப மாதமுடிவு. அவரின்ர சம்பளம் 50,000 எண்டு வையுங்கோ. அவரின்ர பங்கு ஈபிஎஃப் 8 வீதம், 4,000 ரூபா. அட்வான்ஸ் 15,000. கையில குடுக்கிறது 31,000. புத்தகத்தில சம்பளச் செலவு முழுசா 50,000 வரவு விழோணும், மற்றப் பக்கத்தில ஈபிஎஃப் கட்டவேண்டியது 4,000, முற்பணம் 15,000, காசு 31,000 எண்டு செலவு வைக்கோணும். கூட்டிப் பாருங்கோ, 50,000 வரும், முற்பணக் கணக்கும் பூச்சியமாகும். நீங்கள் குடுக்கேக்க ஒருக்காச் சம்பளம் எண்டு எழுத, தம்பி பட்டியலைப் பாத்து முழுச் சம்பளத்தையும் இன்னொருக்கா எழுதினால் அதே 15,000 ரெண்டு தரம் செலவாகுது, ஒத்து வராததுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மார்ச் கடைசியில அட்வான்ஸ் குடுத்து ஏப்ரல், மேயில கழிக்கிற ஆக்கள் இன்னும் கவனமா இருக்கோணும், மார்ச் 31ஓட வரி வருசம் முடியுது, அடுத்த வருசச் சம்பளத்தை இந்த வருசச் செலவில காட்டினதா வந்து நிக்கும்.

சரி, ஈபிஎஃப். தம்பி செய்யிறது பிழை. ஈபிஎஃப், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) ரெண்டும் அவர் உழைச்ச தொகைக்கு, கையில வாங்கின தொகைக்கு இல்லை. 50,000க்கு அவரின்ர 4,000, உங்கட பங்கு 12 வீதம் 6,000, ஆக 10,000, அதுக்கு மேல ஈடிஎஃப் 3 வீதம் 1,500, இது முழுக்க முதலாளியின்ர பக்கம், அவரின்ர சம்பளத்தில கழிக்கேலாது. தம்பி 35,000க்குப் போட்டால் ஈபிஎஃப் 7,000, ஈடிஎஃப் 1,050. ஒரு ஆளுக்கு ஒரு மாதத்தில 3,450 ரூபா குறையுது, ஆறு பேருக்கு திருவிழா மாதத்தில எவ்வளவெண்டு நீங்களே போட்டுப் பாருங்கோ. அதைவிட, மாதாமாதம் ஈபிஎஃப் காசோட அனுப்புற சி போமில அந்த மனுசன் 35,000தான் உழைச்சவர் எண்டு பதிவாகுது, அவருக்கு வயசான காலத்தில வரவேண்டிய காசு அது, அட்வான்ஸ் கேட்ட பாவத்துக்கு அதில வெட்டு விழக்கூடாது.

கட்டவேண்டிய தவணை அடுத்த மாதக் கடைசி வேலைநாள். பிந்தினால் தண்டப்பணம் 5 வீதத்தில துவங்கி வருசம் தாண்டினால் 50 வீதம் வரைக்கும் போகும், பொறுப்பு கணக்கெழுதுற ஆளுக்கில்லை, உங்களுக்கு. அதால தொழில் திணைக்களத்து ஆக்கள் கடைக்கு வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிராமல் பழைய பட்டியலுகளை எடுத்து, குறைஞ்ச மாதங்களை எழுதி, நீங்களே அவையிட்டப் போய்க் கதைச்சுக் கட்டிவிடுங்கோ.

ஓவர்டைமுக்கு ஈபிஎஃப் இல்லை, அதால அந்த 4,500 லேசான வேலை. அதையும் முற்பணம் மாதிரியே அவரின்ர பக்கத்தில வரவு வைச்சு, ஓவர்டைம் செலவைக் குறையுங்கோ, பிறகு அவருக்குச் சொல்லி ரெண்டு மாதமாக் கழியுங்கோ. சம்பளத் துண்டில "போன மாத ஓவர்டைம் திருத்தம்" எண்டு தனி வரியாப் போடுங்கோ, சொல்லாமல் கொள்ளாமல் இந்த மாத ஓவர்டைம் மணித்தியாலத்தைக் குறைச்சு எழுதுற பழக்கம் கனபேரிட்ட இருக்கு, அது ரெண்டு மாதக் கணக்கையும் பிழையாக்கும், பெடியளும் நம்பமாட்டினம். மற்றப் பக்கமா, கூட்டின சம்பளத்தைக் குடுக்க மறந்து அரியர்ஸ் குடுக்கிறியள் எண்டால் அதுக்கு ஈபிஎஃப் கட்டாயம் உண்டு.

வேலையை விட்ட பெடியனுக்கு நீங்கள் குடுக்கவேண்டிய கடைசி மாதச் சம்பளம் கிடக்கோ எண்டு பாருங்கோ. கிடந்தால் அவன்ர சம்மதத்தோட, எழுத்தில, அதில கழிக்கலாம். அவன்ர ஈபிஎஃப் காசை மறிச்சு வைக்கலாம் எண்டு ஆரும் சொன்னால் கேக்காதேங்கோ, அந்தக் காசு உங்கட கையில இல்லை, மத்திய வங்கியில கிடக்கு. ஒண்டும் தேறாது எண்டு உறுதியாத் தெரிஞ்ச பிறகு 22,000ஐ அறவிட முடியாக் கடன் எண்டு எழுதுங்கோ, அதுவரைக்கும் முற்பணக் கணக்கிலயே கிடக்கட்டும், சம்பளச் செலவுக்குள்ள தள்ளாதேங்கோ. இனிமேல் அட்வான்ஸ் எண்டால் சின்னதா ஒரு வவுச்சர், திகதி, தொகை, எத்தினை மாதத்தில கழிக்கிறது, கீழ அவரின்ர கையெழுத்து, இது இல்லாமல் லாச்சியைத் துறக்காதேங்கோ.