மாசி வானமும் உலரும் புளியும்

மதிப்பிற்குரிய ஐயா,

உசிலம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் புளி காயப்போட்டிருக்கிறோம். இந்த மாசியில் வானத்தை நம்பவே முடியவில்லை. விடியலில் போர்வையை விலக்க முடியாத பனி. பதினொரு மணிக்கெல்லாம் வெயில் சுடுகிறது. மூன்று மணிக்கு மேற்கே கறுத்து, மண்ணை வாரி இறைத்துக் காற்றடித்து, நாலு சொட்டு விழுந்ததும் வெளுத்துவிடுகிறது. அதே நேரத்தில் செல்லம்பட்டியில் நல்ல மழை என்று உறவினர் சொல்கிறார். கைப்பேசியோ நாள் முழுதும் வெயில் என்றது. பருவம் கெட்டுப்போய்விட்டது என்கிறார் என் மாமனார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச.மு., உசிலம்பட்டி

அன்புள்ள ச.மு. அவர்களுக்கு,

நீங்கள் எழுதியிருப்பவை கெட்டுப்போன பருவத்தின் அடையாளங்கள் அல்ல, மாசி பங்குனியின் இயல்பு என்றே நினைக்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று வர இன்னும் மூன்று மாதங்கள் இருக்கும் இந்த இடைவெளியில், நம் பகுதியில் எந்தக் காற்றும் நிலையாக ஆள்வதில்லை. அதனால் ஒவ்வொரு நாளின் வானிலையையும் அந்தந்த நாளின் வெயிலும், கிழக்கே கடலிலிருந்து வரும் கொண்டலின் ஈரமும், மேற்கே நிற்கும் மலைகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

முதலில் பனி. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தைத் தடையின்றி வானுக்கு இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றின் ஈரம் பனியாக இறங்குகிறது. வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் மேகம் அந்த வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும், பனியும் இறங்காது. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பது உங்கள் மாமனாருக்கும் தெரிந்த பழமொழிதான். மாசிப் பச்சை எனும் சிவராத்திரிக் குலதெய்வ வழிபாட்டுக்குக் கருமாத்தூரிலும் பாப்பாபட்டியிலும் திறந்தவெளியில் இரவைக் கழிப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பிற்பகலில் நடப்பதுதான் சுவையானது. காலை வெயிலில் சூடேறிய தரைக்காற்று மேலெழுகிறது. தரையில் வெப்பநிலை 35 டிகிரியும், ஈரம் பனியாகத் தொடங்கும் பனிநிலை 19 டிகிரியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 125 மீட்டர் என்ற கணக்கில், அந்தக் காற்று சுமார் 2,000 மீட்டர் ஏறிய பிறகே மேகமாகும். நண்பகலில் நீங்கள் காணும், அடி தட்டையான வெண்பொதி மேகங்கள் அப்படிப் பிறந்தவை. கொண்டல் போதிய ஈரத்தைக் கொண்டுவந்த நாட்களில் அவை வருசநாட்டு மலைகளின் மேலும் சதுரகிரிப் பக்கமும் வளர்ந்து கறுக்கும். அவற்றிலிருந்து விழும் துளிகள் 2,000 மீட்டர் வறண்ட காற்றைக் கடந்தாக வேண்டும். பெரும்பகுதி வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. அப்படி ஆவியாகும் நீர் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுவதால் அது குளிர்ந்து கனத்துக் கீழே பாய்ந்து, தரையில் மோதி நாற்புறமும் சிதறுகிறது. உங்கள் மாடியில் மண்ணை வாரி இறைத்தது அந்தக் காற்றுதான். நாலு சொட்டு, வழியில் தப்பிப் பிழைத்த மிச்சம்.

லண்டனைச் சேர்ந்த மருந்து வணிகர் லூக் ஹோவர்டு 1802இல் மேகங்களைக் கீற்று, திரள், படலம் என மூன்று அடிப்படை வகைகளாகப் பிரித்தார். இம்மூன்றையும் உசிலம்பட்டியின் மாசி மாதத்து ஒரே நாளில் பார்த்துவிடலாம். சில நாட்களில் தாழ்வான திரள்கள் மேற்கு நோக்கியும், மிக உயரத்தில் பனிக்கட்டித் துகள்களாலான கீற்றுகள் கிழக்கு நோக்கியும் நகர்வதைக் காணலாம்; கீழே ஒரு காற்று, மேலே இன்னொரு காற்று.

செல்லம்பட்டியில் பெய்து உங்களுக்குப் பெய்யாததற்குக் காரணம் மேகத்தின் அளவுதான். இத்தகைய மழைமேகம் பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உடையது. தனியொன்றின் ஆயுள் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. உலகளாவிய கணிப்பு மாதிரிகளோ நிலப்பரப்பை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. கட்டத்தைவிடச் சிறிய மேகம் எந்தத் தெருவின் மேல் நிற்கும் என்று அவற்றால் சொல்ல இயலாது. ஆகவே கைப்பேசியைத் திட்டிப் பயனில்லை. (மார்கழியில் மேகம் ஓடுவதை, அதாவது கர்ப்போட்டத்தை வைத்து ஆண்டு முழுவதற்கும் மழை சொல்பவர்களைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம், இதற்காக என்னிடம் சண்டைக்கு வருபவர்கள் இருப்பார்கள்.)

உங்கள் மாமனாரின் ஐயத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது என்பது இயற்பியல். புவி வெப்பமடைவதால் பெய்யும் மழை கனமாகப் பெய்ய வாய்ப்பு மிகுகிறது. ஆனால் அதை ஒரு மாசியின் மூட்டத்தைக் கொண்டு நிறுவ முடியாது. வானிலையாளர்கள் ஓர் ஊரின் இயல்பைக் கணிக்க 30 ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்வது அதனால்தான்.

புளிக்கு வருகிறேன். விடியலில் பனி நன்றாக இறங்கியிருந்து, நண்பகல் திரள்கள் பரந்து வளராமல் சிறிதாகவே இருந்தால் அன்று அச்சமில்லை. இரவில் பனியே இல்லாமல், பதினொரு மணிக்கே புழுக்கம் எடுத்து, இரண்டு மணிக்குள் மலைமேல் மேகம் காலிபிளவர்போலக் குவிந்து உயரத் தொடங்கினால் தார்ப்பாயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழை வராவிட்டாலும் மண்காற்று வந்து புளியில் படியக்கூடும். எப்படியிருந்தாலும் பொழுது சாயுமுன் மூடிவிடுவது நல்லது. பகலில் காய்ந்த புளி இரவுப் பனியில் மீண்டும் ஈரம் கோக்கும்.